மிஞ்சும் வெப்பம் ஏன் போதுவதில்லை: சர்க்கரை ஆலையை முன்வைத்து ஒரு விளக்கம்

நிலக்கரியைப் படிப்படியாகக் கைவிட்டு, 2030க்குள் மின்சாரத்தில் 60 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்று மொரிசியஸ் அரசு 2021இல் அறிவித்தது. அன்று முதல், எரித்து நீராவியும் மின்சாரமும் பெற உதவும் கரும்புச் சக்கையைப் பற்றிய பேச்சு இத்தீவில் ஓயவில்லை. அந்தப் பேச்சில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப வருகிறது: சர்க்கரை ஆலை தன் சாற்றைக் காய்ச்சும் நீராவியில் சிக்கனம் செய்தால், நாட்டின் மின்கம்பிகளுக்குக் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். இது வாசகர்கள் பலரைக் குழப்புகிறது. சக்கை ஆலை முற்றத்திலேயே குவியும் பொருள். அதில் சிக்கனம் எதற்கு? புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்பு நீர் வழியாகவும் இவ்வளவு வெப்பம் வெளியேறும்போது, அதைப் பிடித்துக்கொண்டாலே போதாதா?

இக்கேள்விகளுக்கு விடை சொல்ல வெப்பத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த வெப்பநிலையில் நிற்கிறது, எந்த வெப்பநிலையில் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். தொழிற்சாலை வடிவமைப்பில் வெப்பத்தையும் வேலையையும் (அதாவது எந்திரத்தைச் சுழற்றும் ஆற்றலையும்) மீட்டெடுக்கும் கலை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

சக்கையை வீணாக்குவதே நோக்கமாக இருந்த காலம்

100 டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 30 டன் சக்கை மிஞ்சும். அதன் எடையில் பாதி ஈரம். ஆயினும் அது ஆலைக்கு வேண்டிய நீராவி முழுவதையும் தரப் போதுமானது. மின்சாரத்தை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாத காலத்தில், மிச்சப்படும் சக்கை ஆலைக்குச் சுமையாகவே இருந்தது. அது இடத்தை அடைக்கும், அழுகும், தீப்பிடிக்கும். ஆகவே கொதிகலன்களும், சாற்றின் நீரைப் போக்கிச் சுண்டவைக்கும் ஆவியாக்கிகளும், வெட்டுப் பருவம் முடியும்போது முற்றத்தில் சக்கை மீதமின்றித் தீர்ந்துபோகும் வகையில், திறன் குறைவாகவே அமைக்கப்பட்டன. இதை அந்தக் காலப் பொறியாளர்களின் அறியாமை என்று எண்ணுவது தவறு. வாங்குவோர் இல்லாத பொருளைச் சேமிக்க எந்த ஆலையும் செலவு செய்யாது.

1957இல் செயிண்ட் அந்துவான் ஆலை தன் உபரி மின்சாரத்தைப் பொது மின்கட்டமைப்புக்கு அனுப்பியபோது இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் பெல் வியூவிலும் 2007இல் லா பராக்கிலும் அமைந்த மின்நிலையங்கள், 82 பார் அழுத்தத்திலும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) 525 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் நீராவி தரும் கொதிகலன்களைக் கொண்டவை. அவை 'லா கூப்' என்று நாம் சொல்லும் வெட்டுப் பருவத்தில் சக்கையையும், மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரிக்கும்படி அமைக்கப்பட்டன. வாங்குவோர் வந்துவிட்டபின், ஆலைக்குள் மிச்சப்படும் ஒவ்வொரு டன் நீராவிக்கும் விலை உண்டாகிவிட்டது.

அளவும் தரமும்

வெப்ப இயக்கவியலின் முதல் விதி, ஆற்றல் அழிவதில்லை என்கிறது. இரண்டாம் விதி, வெப்பம் தானாக மேலிருந்து கீழாக, அதாவது உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்குத்தான் பாயும் என்கிறது. மேட்டில் உள்ள ஏரி நீரும் பள்ளத்தில் உள்ள குட்டை நீரும் அளவில் ஒன்றாக இருக்கலாம். வயலுக்குத் தானாகப் பாய்வது மேட்டு நீர் மட்டுமே.

வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலையைப் பெறலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதை 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ காட்டினார். சுற்றுப்புறம் 30 பாகை என்று கொள்வோம். 525 பாகையில் உள்ள வெப்பத்தில் கோட்பாட்டளவில் 62 விழுக்காட்டை வேலையாக்கலாம். 120 பாகையில் அது 23 விழுக்காடு. 60 பாகையில் வெறும் 9 விழுக்காடு. இவ்வாறு வேலையாக மாறக்கூடிய பங்குக்கு 1956இல் ஸோரான் ராண்ட் 'எக்ஸர்ஜி' என்று பெயரிட்டார். குளிர்விப்பு நீரோடு போகும் வெப்பம் அளவில் மலையாகத் தெரிந்தாலும், எக்ஸர்ஜிக் கணக்கில் அது மிகச் சிறியது. வாசகரின் இரண்டாவது கேள்விக்கு விடையின் முதற்பாதி இது.

ஒரே நீராவியை ஐந்து முறை பயன்படுத்துதல்

பழைய ஆலைகளில் திறந்த கொப்பரைகளை வரிசையாக வைத்து, ஒரே அடுப்பின் தீயில் சாற்றைச் சுண்டக் காய்ச்சினார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரில் பலர் அந்த வெக்கையில் உழைத்தவர்கள். கொப்பரையிலிருந்து எழுந்த ஆவி அப்படியே வானத்தில் கலந்தது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அத்தனையும் அந்த ஆவிக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

அதை மீண்டும் பயன்படுத்த வழி கண்டவர், நியூ ஆர்லியன்ஸில் 1806இல் பிறந்து பாரிஸில் கற்ற நார்பர்ட் ரில்லியூ. அடிமைமுறை நிலவிய லூசியானாவில், சுதந்திரமான கலப்பினத்தவராக வாழ்ந்தவர் அவர். 1840களில் காப்புரிமை பெற்ற அவருடைய பல்கல ஆவியாக்கியின் அடிப்படை எளியது. முதல் கலத்தில் எழும் ஆவி, இரண்டாவது கலத்துக்கு வெப்பம் தரும் நீராவியாகிறது. இரண்டாவதில் அழுத்தம் குறைவு. ஆகவே அங்கே சாறு குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. இப்படியே ஐந்து கலங்கள் தொடரும்போது, முதற்கலத்துக்கு 120 பாகையளவில் நுழையும் நீராவியின் வெப்பம், கடைசிக் கலத்தில் 55 பாகையளவில் வெற்றிடத்துக்குள் முடிகிறது.

கணக்கைப் பார்ப்போம். 100 டன் தெளிந்த சாற்றில் 15 விழுக்காடு கரைபொருள் இருந்து, அதை 65 விழுக்காட்டுப் பாகாகச் சுண்டவைக்க வேண்டுமானால், ஏறத்தாழ 77 டன் நீரை நீக்க வேண்டும். ஒரே கலத்தில் செய்தால் ஏறக்குறைய 77 டன் நீராவி செலவாகும். ஐந்து கலங்களில் செய்தால் 15 அல்லது 16 டன் போதும்.

இன்னும் நுட்பமானது ரில்லியூவின் இரண்டாவது கொள்கை. சாற்றைச் சூடாக்கவும் வெற்றிடக் கொப்பரைகளில் சர்க்கரையைப் படிகமாக்கவும் வெப்பம் தேவை. அதற்குக் கொதிகலன் பக்கத்து நீராவியைப் பயன்படுத்தாமல், ஆவியாக்கியின் ஏதேனும் ஒரு கலத்திலிருந்து ஆவியைப் பிரித்து எடுக்கலாம். ஐந்து கலங்களில் முதலாவதிலிருந்து 10 டன் எடுத்தால் 2 டன் நீராவி மிச்சம். நான்காவதிலிருந்து அதே 10 டன்னை எடுத்தால் 8 டன் மிச்சம். அதாவது, பின்னால் உள்ள கலத்திலிருந்து எடுக்க எடுக்க லாபம் கூடுகிறது. ஆனால் அந்த ஆவியின் வெப்பநிலை குறைந்துகொண்டே போகிறது. வேலைக்குப் போதுமான வெப்பநிலை கொண்ட ஆவிகளுள் மிகத் தாழ்ந்ததைத் தேர்ந்தெடுப்பதே திறமை. பிழிந்த சாற்றை முதலில் பின்கல ஆவியாலும், பிறகு நடுக்கல ஆவியாலும், கடைசிச் சில பாகைகளை மட்டும் முதற்கல ஆவியாலும் 102 பாகைக்கு மேல் ஏற்றும் ஆலை, இந்தக் கொள்கையைத்தான் பின்பற்றுகிறது.

இடுக்குப் புள்ளி: ஒரு சிறு கணக்கு

ரில்லியூ ஆவியாக்கிக்குச் சொன்னதை எந்தத் தொழிற்சாலைக்கும் பொதுவாக்கிய முறை 1970களில் உருவானது. பொடோ லின்ஹாஃப் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபோது வளர்த்த அம்முறைக்குப் 'பின்ச்' பகுப்பாய்வு என்று பெயர். இங்கே அதை இடுக்குப் பகுப்பாய்வு என்று வழங்குவோம்.

ஓர் ஆலையின் குழாய்களில் ஓடும் பொருள்களை ஓட்டங்கள் என்போம். அங்கே குளிர வேண்டிய ஓட்டங்கள் இரண்டும் சூடாக வேண்டிய ஓட்டங்கள் இரண்டும் இருப்பதாகக் கொள்வோம்.

1. முதல் சூடான ஓட்டம் 160 பாகையிலிருந்து 60க்குக் குளிர வேண்டும். ஒரு பாகைக்கு 2 கிலோவாட் வீதம் 200 கிலோவாட் தரும்.
2. இரண்டாம் சூடான ஓட்டம் 100இலிருந்து 50க்கு. பாகைக்கு 4 வீதம் 200 கிலோவாட்.
3. முதல் குளிர்ந்த ஓட்டம் 30இலிருந்து 80க்குச் சூடாக வேண்டும். பாகைக்கு 3 வீதம் 150 கிலோவாட் தேவை.
4. இரண்டாம் குளிர்ந்த ஓட்டம் 80இலிருந்து 150க்கு. பாகைக்கு 3 வீதம் 210 கிலோவாட்.

கிடைப்பது 400 கிலோவாட், தேவை 360. முதல் விதியை மட்டும் அறிந்தவர் 40 கிலோவாட் மிச்சம் என்றும், வெளியிலிருந்து நீராவியே வேண்டாம் என்றும் முடிவுகட்டிவிடுவார். இது தவறு. வெப்பம் பாய்வதற்குக் குறைந்தது 10 பாகை இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக வெப்பநிலைப் படிகளில் கணக்கிட்டால், சூடான பக்கத்தில் 100 பாகையும் குளிர்ந்த பக்கத்தில் 90 பாகையும் ஒன்றையொன்று நெருங்கும் ஓர் இடுக்கு தென்படும்.

அதற்கு மேலே உள்ள பகுதியில், இரண்டாம் குளிர்ந்த ஓட்டத்தை 90இலிருந்து 150க்கு ஏற்ற 180 கிலோவாட் தேவை. அங்கே கிடைப்பதோ முதல் சூடான ஓட்டத்தின் 120 மட்டும். ஆகவே 60 கிலோவாட்டை வெளியிலிருந்து தந்தே ஆக வேண்டும். கீழே உள்ள பகுதியில் 280 கிடைக்கிறது, 180 போதும்; 100 கிலோவாட்டைக் குளிர்நீருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 360 ஆக இருந்த சூடேற்றத் தேவையை 60 ஆகக் குறைக்கலாம். ஓர் ஓட்டத்தின் வெப்பத்தை மற்றொன்றுக்குத் தரும் வெப்பப் பரிமாற்றிகளால் எவ்வளவு திறமையான வலையமைப்பைப் போட்டாலும், அந்த 10 பாகை இடைவெளியோடு, அதற்குக் கீழே இறங்க முடியாது. குழாய் ஒன்றையும் வரையுமுன்பே இந்த இலக்கு தெரிந்துவிடுகிறது என்பதே இம்முறையின் பெருமதிப்பு.

இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன.

1. இடுக்குக்கு மேலே குளிர்நீரைப் பயன்படுத்தக் கூடாது.
2. இடுக்குக்குக் கீழே நீராவியால் சூடேற்றக் கூடாது.
3. மேலிருந்து கீழாக இடுக்கைத் தாண்டி வெப்பத்தை அனுப்பக் கூடாது.

மூன்றாவதே நடைமுறையில் அதிகம் மீறப்படுவது. மேற்பகுதி வெப்பத்தில் 20 கிலோவாட்டை எடுத்து 30 பாகைச் சாற்றைச் சூடாக்கினால், வெப்பத்தை மீட்டுவிட்டோம் என்று மகிழத் தோன்றும். உண்மையில் நீராவித் தேவை 60இலிருந்து 80 ஆகிறது; குளிர்நீர்த் தேவையும் 100இலிருந்து 120 ஆகிறது. ஒரே பிழைக்கு இரு பக்கமும் அபராதம். வெப்பப் பரிமாற்றிகள் ஏராளமாக இருந்தும் எரிபொருள் குறையாத ஆலைகளில், காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

வேலையை எங்கே எடுப்பது?

இதுவரை வெப்பம். இனி வேலை; அதாவது டர்பைனைச் சுழற்றி மின்சாரமாகும் பகுதி.

கொதிகலனிலிருந்து உயர் அழுத்தத்தில் வரும் நீராவியைச் சாறு காய்ச்சத் தேவையான 2 பார் அழுத்தத்துக்கு இறக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, அழுத்தக் குறைப்பு வால்வு. அதன் வழியே சென்றால் வெப்பம் குறைவதில்லை, ஆனால் வேலையாகும் தகுதி வீணாகிறது; மின்சாரம் பூஜ்யம். மற்றொன்று, பின்னழுத்த டர்பைன். 82 பார், 525 பாகை நீராவி அதன் வழியே 2 பாருக்கு இறங்கினால், ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மின்சாரம் தரும். பழைய ஆலைகளைப் போல 20 பார், 350 பாகையில் தொடங்கி, பழைய டர்பைனில் இறங்கினால் அதில் பாதிதான் கிடைக்கும். இரண்டிலும் டர்பைனை விட்டு வெளியேறும் நீராவி சாற்றைக் காய்ச்சப் போகிறது; உள்ளுறை வெப்பத்தில் எதுவும் எறியப்படவில்லை. எடுத்த வேலைக்கு ஈடான எரிபொருளை மட்டும் சற்றுக் கூடுதலாக எரித்தால் போதும். வேலையைப் பெறுவதற்கு இதைவிட மலிவான வழி தொழிற்சாலைகளில் அரிது.

இங்கேதான் முதலில் சொன்ன குழப்பம் முழு உருவம் பெறுகிறது. சாற்றைக் காய்ச்சும் நீராவியை ஒரு டன் மிச்சப்படுத்தினால், பின்னழுத்த டர்பைன் வழியே ஒரு டன் குறைவாகச் செல்லும். மின்சாரம் 200 யூனிட் குறையும். அப்படியானால் சிக்கனம் நட்டமல்லவா? பின்னழுத்த டர்பைன் மட்டுமே உள்ள ஆலையில் ஆம், அந்த நேரத்து மின்சாரம் குறையத்தான் செய்யும். சக்கை மட்டும் மிஞ்சும். ஆனால் இன்றைய மின்நிலையங்களில் உள்ள டர்பைன், ஆலைக்கு வேண்டிய நீராவியை நடுவில் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியை, நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும், வெற்றிடத்தில் இயங்கும் கண்டன்சர் வரை விரிவடையச் செய்கிறது. மிச்சப்பட்ட ஒரு டன் 2 பாரிலேயே நின்றுவிடாமல் 0.1 பார் வரை இறங்கினால், ஏற்கெனவே தந்த 200 யூனிட்டுக்கு மேல் இன்னும் சுமார் 100 யூனிட் தரும்.

மணிக்கு 300 டன் கரும்பு அரைக்கும் ஆலை ஒன்று, கரும்பு எடையில் 45 விழுக்காடாக இருந்த நீராவிச் செலவை 40 விழுக்காடாகக் குறைத்தால், மணிக்கு 15 டன் மிச்சம். அது 1.5 மெகாவாட் கூடுதல் மின்சாரம். ஒரு நாளைக்கு 36,000 யூனிட். கூடுதலாக ஒரு கரும்புகூட வெட்டப்படவில்லை.

இங்கே ஒரு நேர்மையான திருத்தம் தேவை. கண்டன்சருக்குப் போகும் நீராவியின் உள்ளுறை வெப்பம் முழுவதும் குளிர்விப்பு நீரில் கலக்கிறது. இடுக்குப் பகுப்பாய்வின் கண்ணில் இது மேலிருந்து கீழாக இடுக்கைத் தாண்டும் எந்திரம்தான். டர்பைனை இடுக்குக்கு முழுவதும் மேலேயோ முழுவதும் கீழேயோ வைக்க வேண்டும், குறுக்கே வைத்தால் தனி மின்நிலையத்தைவிட ஒரு நன்மையும் இல்லை என்று லின்ஹாஃபும் சக ஆய்வாளர் டவுன்செண்டும் 1980களில் நிறுவினார்கள். அவ்விதி இங்கும் பொய்யாவதில்லை. ஆயினும் சக்கையை நீண்ட நாள் சேமிப்பது கடினம், அருகில் வேறு வெப்பத் தேவையும் இல்லை. அதனால்தான் கண்டன்சர் ஏற்கத்தக்கதாகிறது. லா பராக்கில் சர்க்கரை ஆலை, சுத்திகரிப்பு ஆலை, எத்தனால் வடிசாலை, மின்நிலையம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்திருப்பதன் பொருளை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். தாழ்வெப்பத்தை வாங்கும் அண்டை ஆலை இருக்கும்போது, கண்டன்சருக்குப் போக வேண்டியது மீண்டும் வேலை செய்யும் வெப்பமாகிறது.

வெப்பப் பம்புக்கு விதி நேர்மாறானது. அது கீழே மிஞ்சியதை மேலே தூக்குவது. ஆகவே இடுக்கின் குறுக்கேதான் நிற்க வேண்டும். ஆவியைக் கம்ப்ரஸரால் அழுத்தி, அதன் வெப்பநிலையைப் பத்துப் பன்னிரண்டு பாகை உயர்த்தி, அதே கலத்துக்கே திருப்பித் தரும் முறை இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு பங்கு வேலையைக் கொடுத்து ஏறத்தாழ 20 பங்கு வெப்பத்தை மீட்கலாம். நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் பாலையும் உப்புக் கரைசலையும் இப்படித்தான் சுண்டவைக்கிறார்கள். சக்கையிலிருந்து மின்சாரமும், டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியும் சேர்ந்தே கிடைக்கும் ஆலையில், அந்த மின்சாரத்தை விற்பதா கம்ப்ரஸருக்குக் கொடுப்பதா என்பது விலையைப் பொறுத்த முடிவு. என் கணிப்பில், பல்கல ஆவியாக்கியைச் சீராக்காமல் நேராகக் கம்ப்ரஸர் வாங்குவது வரிசை தவறிய செலவு.

திரவங்களின் அழுத்தத்திலும் வேலை உண்டு. கடல்நீரை உப்பு நீக்கும் ஆலைகளில், சவ்வைக் கடக்காத உவர்நீர் உயர் அழுத்தத்தோடு வெளியேறுகிறது. அழுத்தப் பரிமாற்றிகள் அந்த ஆற்றலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் மீட்டு, உள்ளே வரும் நீருக்குத் தருகின்றன.

காகிதத்துக்கும் ஆலைக்கும் இடையில்

இலக்கை முழுவதும் எட்டவிடாமல் தடுப்பவை சில.

1. வெப்பநிலை இடைவெளியை 10 பாகையிலிருந்து 5 ஆக்கினால் அதிக வெப்பம் மீளும். ஆனால் பரிமாற்றியின் பரப்பு வேகமாகப் பெருகும். எங்கே நிறுத்துவது என்பது உலோகத்தின் விலைக்கும் நீராவியின் விலைக்கும் உள்ள பேரம்.
2. சர்க்கரை நீண்ட நேரம் மிகுந்த சூட்டில் நின்றால் சிதையும், நிறம் ஏறும். முதற்கலத்தின் வெப்பநிலையை உயர்த்தி எல்லாப் பின்கலங்களுக்கும் தாராளமாக இடைவெளி தரலாம் என்ற ஆசைக்கு இது கடிவாளம். சாறு மெல்லிய படலமாக வழிந்து விரைவில் வெளியேறும் ஆவியாக்கிகள் பரவியதற்குக் காரணமும் இதுவே.
3. சாற்றிலுள்ள சிலிக்காவும் சுண்ணாம்பு உப்புகளும் குழாய்களில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். சுத்தமான குழாய்க்குப் போட்ட கணக்கு, பல நாள் ஓடிய குழாய்க்குப் பொருந்தாது.
4. எல்லா ஓட்டங்களையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், ஒரு பம்பு நின்றாலும் எல்லாம் தடுமாறும். ஆலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அந்தப் பிணைப்பு இன்னும் பெரிய தொல்லை.

மூன்றாவதற்குப் போதிய மதிப்புக் கொடுக்கப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். புதிய கலம் ஒன்றை நிறுவும் செய்தி நாளேட்டில் வரும். இருக்கும் கலங்களைக் காலத்தில் சுரண்டிக் கழுவுவதால் கிடைத்த நீராவி யார் கணக்கிலும் ஏறாது.

தீவுகளுக்கு இதனால் என்ன?

அண்டைத் தீவான ரீயூனியனில் புவா ரூஜ், லெ கோல் ஆகிய இரு இடங்களிலும் சர்க்கரை ஆலையை ஒட்டிய மின்நிலையங்கள் நிலக்கரியை விட்டுவிட்டன. வெட்டுப் பருவத்தில் சக்கையும், மற்ற காலத்தில் கப்பலில் வரும் மரத்துகள் உருண்டைகளும் எரிகின்றன. நிலக்கரி போனாலும் இறக்குமதி போகவில்லை. ஆகவே உள்ளூர்ச் சக்கையின் ஒவ்வொரு டன்னும் முன்னைவிட மதிப்பு மிக்கதாகிறது.

மொரிசியஸில் நிலை இன்னும் நெருக்கமானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 200க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்த நாட்டில் இன்று மூன்றே இயங்குகின்றன. கரும்பு விளையும் பரப்பும் 20 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆலைகள் குறைந்ததால், எஞ்சிய ஆலையில் பெரிய கொதிகலனையும் உயர் அழுத்தத்தையும் வைக்க முடிந்தது; இது நன்மை. ஆனால் கரும்பே குறையும்போது, பெரிய ஓட்டத்துக்கு அளவெடுத்த ஆவியாக்கியும் டர்பைனும் அரைகுறைச் சுமையில் ஓட நேர்கிறது. அப்போது டர்பைனின் திறன் சரிகிறது. கலங்களில் சாறு அதிக நேரம் தங்குகிறது. நிற்பதும் தொடங்குவதுமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் நீராவி வால்வு வழியே வீணாக இறங்குகிறது. சிறந்த வடிவமைப்பு ஒன்று, தான் எதிர்பார்த்த கரும்பு வராததாலேயே கெட்டுப்போக முடியும்.

எனவே ஓர் ஆலை புதிய மின்திட்டத்தை அறிவிக்கும்போது, எத்தனை மெகாவாட் என்ற ஒரே எண்ணோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும். ஒரு டன் கரும்புக்கு எத்தனை கிலோ நீராவி செலவாகிறது? கொப்பரைகளும் சாறு சூடேற்றிகளும் எந்தக் கலத்தின் ஆவியில் ஓடுகின்றன? அழுத்தக் குறைப்பு வால்வு பருவத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல அந்த வால்வுக் குழாயில் தனி மீட்டர் இருக்க வேண்டும்.